யுடிபி லிசனர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற மாதம் கிளவுட் லோட் பேலன்சர்களை, அதாவது வரும் கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் கருவிகளைப் பற்றி எழுதியபோது, வலைத்தளங்களுக்கான எச்டிடிபி, இணைப்பை ஏற்படுத்திக்கொண்டு தரவை அனுப்பும் டிசிபி ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டேன். அதன் பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, இணைப்பு எதுவும் ஏற்படுத்தாமலே பாக்கெட்டுகளை அனுப்பும் யுடிபியைப் பற்றியே கேட்கின்றன. குறிப்பிட்ட போர்ட்டில் வரும் பாக்கெட்டுகளை லோட் பேலன்சர் ஏற்கும்படி செய்யும் அமைப்பே லிசனர். ஒத்த கேள்விகளை ஒன்றாக்கி இங்கே பதில் அளிக்கிறேன். பலரும் அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸின் பயனாளர்கள் என்பதால், வேறு எதையும் குறிப்பிடாத இடங்களில் அதன் நெட்வொர்க் லோட் பேலன்சரையே மனத்தில் கொண்டு எழுதியிருக்கிறேன்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): எங்கள் கிளை அலுவலகங்களுக்காக இரண்டு டிஎன்எஸ் சர்வர்களை (பெயருக்கு உரிய ஐபி முகவரியைத் தேடித் தருபவை) ஏடபிள்யூஎஸ்-இன் மும்பை ரீஜனில் நிறுவியிருக்கிறோம். கிளைகள் விபிஎன் வழியாக அவற்றை அணுகுகின்றன. முன்னால் ஒரு லோட் பேலன்சர் வைக்க முயன்றபோது, அப்ளிகேஷன் லோட் பேலன்சரில் யுடிபி என்ற தேர்வே காணப்படவில்லை. நெட்வொர்க் லோட் பேலன்சரிலோ, 53-ஆம் போர்ட்டில் டிசிபி லிசனரை அமைத்த பிறகு அதே போர்ட்டில் யுடிபி லிசனரைச் சேர்க்க முடியவில்லை. எப்படி அமைப்பது?

பதில்: அப்ளிகேஷன் லோட் பேலன்சர் எச்டிடிபி கோரிக்கையைத் திறந்து படித்து, அதிலுள்ள ஹோஸ்ட் பெயரையும் பாதையையும் பார்த்து வழி பிரிப்பதற்காக உருவானது, டிஎன்எஸ் கேள்விக்கு அங்கே இடமில்லை. 2017-இல் வந்த நெட்வொர்க் லோட் பேலன்சர் அதற்குக் கீழே உள்ள அடுக்கில், ஐபி முகவரியையும் போர்ட் எண்ணையும் மட்டும் பார்த்து வேலை செய்கிறது. அதிலும் யுடிபி வசதி 2019 ஜூன் மாதத்தில்தான் சேர்ந்தது. ஆகவே நீங்கள் இரண்டாவதாகத் தேர்ந்தெடுத்ததே சரியானது.

பிழை வருவதன் காரணம், ஒரு லோட் பேலன்சரில் ஒரு போர்ட் எண்ணுக்கு ஒரே ஒரு லிசனர்தான் இருக்க முடியும் என்பது. டிசிபி 53 இருக்கும்போது யுடிபி 53-க்கு இடமில்லை. இந்த நிலைக்காகவே டிசிபி_யுடிபி என்ற தனித் தேர்வு தரப்பட்டிருக்கிறது. பழைய லிசனரை நீக்கிவிட்டு, 53-ஆம் போர்ட்டில் டிசிபி_யுடிபி லிசனர் ஒன்றை உருவாக்குங்கள். அது சுட்டும் டார்கெட் குரூப்பின் (பாக்கெட்டுகளைப் பெறும் சர்வர்களின் தொகுப்பு) புரோட்டோகாலும் டிசிபி_யுடிபி ஆகவே இருக்க வேண்டும். ஒருமுறை உருவாக்கிய டார்கெட் குரூப்பின் புரோட்டோகாலைப் பின்னர் மாற்ற இயலாது என்பதால் அதையும் புதிதாகவே உருவாக்க வேண்டியிருக்கும்.

டிஎன்எஸ் யுடிபியில்தானே ஓடுகிறது, டிசிபி எதற்கு என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். தொடக்க காலத்தில் யுடிபி வழியான டிஎன்எஸ் பதில் 512 பைட்டுக்குள் அடங்க வேண்டும் என்ற வரம்பு இருந்தது. பிற்கால நீட்டிப்பு அதை உயர்த்தியது. 2020-இல் டிஎன்எஸ் மென்பொருள் செய்வோர் கூடி 1232 பைட் என்ற அளவைப் பரிந்துரைத்தார்கள். அந்த எண் ஒரு கழித்தல் கணக்கு: ஐபிவி6 எந்தப் பாதையிலும் உறுதியாகக் கடந்து செல்லும் 1280 பைட்டிலிருந்து, ஐபிவி6 தலைப்பின் 40 பைட்டையும் யுடிபி தலைப்பின் 8 பைட்டையும் கழித்தால் 1232 மிஞ்சும். பதில் இதைவிடப் பெரிதாக இருந்தால், அது வெட்டப்பட்டது என்ற குறியோடு சர்வர் சுருக்கமான பதிலை அனுப்புகிறது. கேட்டவர் அதே கேள்வியை டிசிபியில் மறுபடியும் கேட்கிறார். டிசிபியை மூடிவைத்தால் சிறிய பதில்கள் சரியாக வரும், பெரிய பதில்கள் மட்டும் வராது. எப்போதாவது மட்டும் தலைகாட்டும் இத்தகைய கோளாறைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம்.

லோட் பேலன்சரைப் புதிதாக உருவாக்குவதாயிருந்தால் இரண்டு செயல்களை அப்போதே செய்துவிடுங்கள். முதலாவது, எந்தப் பாக்கெட்டுகளை அனுமதிப்பது என்ற விதிகளின் தொகுப்பான செக்யூரிட்டி குரூப் ஒன்றை இணைப்பது. இந்த வசதி 2023 ஆகஸ்டில் வந்தது; உருவாக்கும்போது ஒன்றையும் இணைக்காமல் விட்டால் அதே லோட் பேலன்சரில் பின்னர் இணைக்க முடியாது. இரண்டாவது, ஒவ்வொரு அவைலபிலிட்டி ஸோனிலும் (ரீஜனுக்குள் தனித்து இயங்கும் தரவு மையப் பகுதி) அது எந்த ஐபி முகவரியைக் கொள்ள வேண்டும் என்பதை நீங்களே குறித்துக் கொடுப்பது. வலைத்தளத்திற்கு லோட் பேலன்சரின் பெயரைக் கொடுத்தால் போதும். டிஎன்எஸ் சர்வரையோ பெயரால் தேட முடியாது, ஏனெனில் பெயரைத் தேடித் தருவதே அதன் வேலை. கிளை அலுவலக ரூட்டரில் நீங்கள் பதியப்போவது எண்களைத்தான்.

எண்களைப் பதிவதால் இன்னொரு விளைவும் உண்டு. நெட்வொர்க் லோட் பேலன்சரில் ஸோன்களுக்கு இடையே பகிர்ந்தளிக்கும் வசதி இயல்பாக அணைந்திருக்கும். அதாவது, ஒரு ஸோனின் முகவரிக்கு வரும் பாக்கெட் அதே ஸோனில் உள்ள சர்வருக்கே செல்லும். அந்த ஸோனின் சர்வர் செயலிழந்தால் லோட் பேலன்சர் தன் பெயரிலிருந்து அந்த முகவரியை நீக்கிவிடும். பெயரால் வருபவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். எண்ணைப் பதிந்துவைத்திருக்கும் உங்கள் ரூட்டர்களுக்கு அந்த நீக்கம் தெரியவே தெரியாது. ஸோனுக்கு ஒரு சர்வர் வீதம் இரண்டே சர்வர்கள் வைத்திருக்கும் உங்களைப் போன்றவர்கள் அந்த வசதியை இயக்கிவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): யுடிபி டார்கெட் குரூப்புக்கு ஹெல்த் செக் (சர்வர் நலமா என்று லோட் பேலன்சர் செய்யும் சோதனை) அமைக்கும் இடத்தில் யுடிபி என்ற தேர்வைக் காணவில்லை. டிசிபியில் சோதிப்பதா? மேலும், எங்கள் டார்கெட்டுகள் அனைத்தும் பழுது என்றே திரையில் தெரிகின்றன. ஆனால் சேவை தடையின்றி நடக்கிறது. இதை அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடக் கூடாது. இந்த மாதக் கடிதங்களில் இதையே மிக முக்கியமானதாகக் கருதுகிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1980 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 768 என்ற மூன்று பக்க ஆவணம்தான் யுடிபியின் வரையறை. அதன்படி ஒரு பாக்கெட்டின் தலைப்பில் இருப்பவை நான்கே: அனுப்பும் போர்ட், பெறும் போர்ட், நீளம், சரிபார்ப்பு எண். டிசிபியில் இரு தரப்பும் முதலில் கைகுலுக்கிக்கொண்ட பிறகே தரவு செல்லும். பெற்றுக்கொண்டேன் என்ற ஒப்புகையும் திரும்பி வரும். யுடிபியில் இவை எதுவும் இல்லை. பாக்கெட் சேர்ந்ததா, சேர்ந்தும் சர்வர் அதைப் பொருட்படுத்தவில்லையா, வழியில் தொலைந்ததா என்பதை அனுப்பியவர் அறிய வழியில்லை. வையர்கார்டு போன்ற விபிஎன் மென்பொருள், தனக்குத் தெரியாதவரிடமிருந்து வரும் பாக்கெட்டுக்குப் பதிலே அளிக்காமல் இருப்பதைப் பாதுகாப்பாகக் கொண்டு எழுதப்பட்டது. லோட் பேலன்சர் ஏதோ ஒரு யுடிபி பாக்கெட்டை அனுப்பிப் பார்த்து, பதில் வராததை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. ஆகவேதான் ஏடபிள்யூஎஸ் டிசிபி, எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் ஆகிய மூன்றை மட்டும் ஹெல்த் செக்குக்குத் தருகிறது. மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஸூரின் நிலையும் இதுவே.

அப்படியானால் உங்கள் சர்வரில் யுடிபி சேவையோடு கூட டிசிபியில் பதில் சொல்லும் ஏதோ ஒன்றும் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் எல்லா டார்கெட்டும் பழுது என்றே காட்டப்படும். அப்போதும் சேவை நடப்பதற்குக் காரணம், நலமான டார்கெட் ஒன்றுகூட இல்லாத நிலையில் நெட்வொர்க் லோட் பேலன்சர் பதிவான அனைத்துக்கும் பாக்கெட்டுகளை அனுப்பத் தொடங்கிவிடும் என்பதே. இப்போது உங்களுக்குக் கிடைப்பது அந்தக் கடைசி ஏற்பாடு. நாளை ஒரு சர்வர் உண்மையிலேயே நின்றுபோனாலும் அதற்கும் பங்கு போய்க்கொண்டே இருக்கும். அதை விலக்க லோட் பேலன்சருக்கு எந்த ஆதாரமும் இருக்காது.

அடுத்து, எந்த டிசிபி போர்ட்டைச் சோதிப்பது என்ற கேள்வி. நான் முன்பு பணிபுரிந்த ஓரிடத்தில், எப்போதும் திறந்திருக்கும் என்ற எளிமைக்காக தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் 22-ஆம் போர்ட்டைச் சோதனைக்குக் கொடுத்திருந்தோம். ஒரு நாள் அதிகாலையில் ஒரு சர்வரில் டிஎன்எஸ் மென்பொருள் நினைவகம் போதாமல் நின்றுபோயிற்று. எஸ்எஸ்எச் நலமாக இருந்தது. கேள்விகளில் ஏறத்தாழப் பாதி அந்த சர்வருக்கே சென்று பதிலின்றி மறைந்தன, திரையில் மட்டும் எல்லாம் பச்சையாகவே இருந்தது. எவருடைய கேள்விக்குப் பதில் வரும், எவருடையதற்கு வராது என்பது அவரவர் போர்ட் எண்ணைப் பொறுத்து மாறிக்கொண்டிருந்ததால், காரணத்தைக் கண்டறிய எங்களுக்குப் பல மணி நேரம் பிடித்தது.

டிஎன்எஸ்ஸுக்கு டிசிபி 53-ஐயே சோதிப்பது இதைவிட மேலானது, ஏனெனில் இரண்டையும் ஒரே மென்பொருள் கவனிக்கிறது. ஆனாலும் அதில் ஒரு குறை இருக்கிறது. டிசிபி கைகுலுக்கலை முடித்துவைப்பது மென்பொருள் அல்ல, இயங்குதளத்தின் கெர்னல். மென்பொருள் உறைந்துபோயிருந்தாலும், காத்திருப்பு வரிசை நிரம்பும் வரை கெர்னல் கைகுலுக்கிக்கொண்டே இருக்கும். ஹெல்த் செக் வெற்றி என்றே பதிவாகும்.

நான் பரிந்துரைப்பது வேறு. ஒவ்வொரு சர்வரிலும் ஒரு சிறிய எச்டிடிபி நிரலை, உதாரணமாக 8080-ஆம் போர்ட்டில், ஓட விடுங்கள். லோட் பேலன்சர் அதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும், அந்த நிரல் அதே சர்வரின் யுடிபி 53-க்கு உண்மையான ஒரு கேள்வியை அனுப்பி, ஒரு நொடிக்குள் சரியான பதில் வந்தால் 200 (நலம்) என்றும் வராவிட்டால் 503 (பழுது) என்றும் சொல்ல வேண்டும். கேட்கும் பெயர் உங்கள் சர்வரே பொறுப்பேற்றிருக்கும் டிஎன்எஸ் ஸோன் கோப்பில் (சர்வர் தானே பதில் சொல்லும் பெயர்களின் பட்டியல்) உள்ளதாக இருக்கட்டும். வெளியுலகப் பெயர் ஒன்றைக் கேட்கும்படி வைத்தால், இணைய இணைப்பு சற்றுத் தடுமாறும்போது எல்லா சர்வர்களும் ஒரே நொடியில் பழுது என்று அறிவிக்கப்பட்டுவிடும். நூறு வரிகூடத் தேவைப்படாத இந்த நிரல்தான், பேசாத யுடிபிக்காகப் பேசும் வாய். வையர்கார்டு, பயனாளரைச் சரிபார்க்கும் ரேடியஸ், விளையாட்டு சர்வர் என எதுவானாலும் இதே முறையை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

கால அளவையும் பாருங்கள். இயல்பான அமைப்பில் 30 நொடிக்கு ஒருமுறை சோதனை நடக்கும். இரண்டு முறை தொடர்ந்து தோற்றால்தான் பழுது என்று முடிவாகும். அதாவது ஏறத்தாழ ஒரு நிமிடம். லினக்ஸின் வழக்கமான அமைப்பில் ஒரு டிஎன்எஸ் கேள்விக்கு 5 நொடி காத்திருந்து, மொத்தம் இரண்டு முறை முயன்று, பிறகு கைவிட்டுவிடுவார்கள். ஒரு நிமிடம் அங்கே மிக நீண்ட காலம். இடைவெளியை 10 நொடியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (சென்னை வாசகர்): மூன்று சிஸ்லாக் சர்வர்களை (கருவிகளின் நிகழ்வுப் பதிவுகளைச் சேகரிப்பவை) லோட் பேலன்சருக்குப் பின்னால் வைத்து, யுடிபி 514-இல் லிசனர் அமைத்தோம். எங்கள் இரண்டு பெரிய ஃபயர்வால்கள் அனுப்பும் பதிவுகள் அனைத்தும் ஒரே சர்வருக்குச் செல்கின்றன. மற்ற இரண்டும் சும்மா இருக்கின்றன. சுமை ஏன் பகிரப்படவில்லை?

பதில்: லோட் பேலன்சர் பாக்கெட் பாக்கெட்டாகப் பகிர்வதில்லை, ஃப்ளோ ஃப்ளோவாகவே பகிர்கிறது. புரோட்டோகால், அனுப்புபவரின் முகவரி, அவருடைய போர்ட், பெறுபவரின் முகவரி, அவருடைய போர்ட் ஆகிய ஐந்தையும் சேர்த்து ஒரு ஹாஷ் எண்ணைக் கணக்கிட்டு, அதன்படி ஒரு டார்கெட்டைத் தேர்ந்தெடுக்கிறது. ஐந்தும் ஒன்றாக உள்ள பாக்கெட்டுகள் ஒரே ஃப்ளோ; ஐந்தும் மாறாதவரை டார்கெட்டும் மாறாது. டிஎன்எஸ்ஸில் ஒவ்வொரு கேள்வியும் புதிய போர்ட்டிலிருந்து புறப்படுவது வழக்கம் என்பதால் பகிர்வு தானாகவே சீராக அமைந்துவிடுகிறது. சிஸ்லாக் அனுப்பும் கருவியோ தொடங்கும்போது ஒரு போர்ட்டைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தப்படும் வரை அதிலிருந்தே அனுப்புகிறது. இரண்டு ஃபயர்வால்கள் என்றால் லோட் பேலன்சரின் பார்வையில் இரண்டே ஃப்ளோக்கள். அவை இரண்டும் ஒரே சர்வரில் விழுந்திருப்பது தற்செயல்தான், ஆனாலும் ஒருமுறை விழுந்தபின் அங்கேயே தங்கிவிடும்.

முதலில் டார்கெட் குரூப்பில் ஸ்டிக்கினெஸ் இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது அனுப்புபவரின் முகவரியை மட்டும் வைத்துப் பிணைப்பது. இருந்தால் நிலைமையை இன்னும் மோசமாக்கும். அடுத்து, ஃபயர்வாலுக்கும் லோட் பேலன்சருக்கும் நடுவே ஆர்சிஸ்லாக் என்ற சிஸ்லாக் மென்பொருள் ஓடும் ஒரு சர்வரை வைக்க முடியுமானால், அதன் அனுப்பும் பகுதியில் ரீபைண்ட்இன்டர்வல் என்ற அமைப்பு இருக்கிறது. அதில் ஓர் எண்ணைக் கொடுத்தால், அத்தனை செய்திகளுக்கு ஒருமுறை பழைய போர்ட்டை விட்டுவிட்டுப் புதிய போர்ட்டிலிருந்து அனுப்பத் தொடங்கும். லோட் பேலன்சர்களுக்கு உதவுவதற்கென்றே சேர்க்கப்பட்ட அமைப்பு அது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. தணிக்கைக்குத் தேவைப்படும் பதிவுகளை யுடிபியில் அனுப்பாதீர்கள். தொலைந்த செய்தி தொலைந்ததாகவே எவருக்கும் தெரியாது. லோட் பேலன்சர் வைப்பதால் இது மாறிவிடாது. அத்தகைய பதிவுகளுக்கு, டிசிபியின் மேல் மறைகுறியாக்கி அனுப்பும் டிஎல்எஸ் வழியாகச் செல்லும் சிஸ்லாக் இருக்கிறது, அதன் போர்ட் 6514.

கேள்வி (சேலம் வாசகர்): டார்கெட்டின் செக்யூரிட்டி குரூப்பில் லோட் பேலன்சர் இருக்கும் சப்நெட்டை மட்டும் அனுமதித்திருக்கிறேன். ஹெல்த் செக் வெற்றி பெறுகிறது, வெளியிலிருந்து வரும் யுடிபி பாக்கெட்டுகள் மட்டும் சேரவில்லை.

பதில்: யுடிபி டார்கெட் குரூப்பில் கிளையன்ட்டின் ஐபி முகவரி அப்படியே காக்கப்படுகிறது, அதை அணைக்கவும் இயலாது. ஆகவே சர்வரை வந்தடையும் பாக்கெட்டில் அனுப்புநராக இருப்பது கிளையன்ட்டின் முகவரி. லோட் பேலன்சரின் முகவரி அன்று. ஹெல்த் செக் மட்டுமே லோட் பேலன்சரின் சொந்த முகவரியிலிருந்து வருகிறது. நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளும் இதனால்தான் ஒன்றாகத் தோன்றுகின்றன. லோட் பேலன்சருக்குச் செக்யூரிட்டி குரூப் இருந்தால், டார்கெட்டின் விதியில் முகவரிக்குப் பதிலாக அந்தக் குரூப்பையே குறிப்பிடுங்கள். லோட் பேலன்சர் வழியாக வரும் கிளையன்ட் பாக்கெட்டுகள், ஹெல்த் செக் இரண்டையும் அந்த ஒரே விதி அனுமதித்துவிடும். இல்லையேல் கிளையன்ட்டுகளின் முகவரி வரம்பை நேரடியாக எழுத வேண்டும். நெட்வொர்க் ஏசிஎல் (சப்நெட் அளவிலான அனுமதிப் பட்டியல்) வைத்திருந்தால், அது நினைவாற்றல் இல்லாதது, அனுமதித்த கேள்வியின் பதிலைத் தானாக அனுமதிக்காது என்பதையும் கவனியுங்கள்: உள்ளே வர 53-ஐத் திறந்ததோடு, பதில் வெளியே செல்ல 1024 முதல் 65535 வரையிலான போர்ட்டுகளையும் திறக்க வேண்டும்.

கேள்வி (மதுரை வாசகி): டார்கெட் சர்வரிலிருந்தே லோட் பேலன்சரின் முகவரிக்குக் கேள்வி அனுப்பிப் பார்த்தால் சில நேரம் பதில் வருகிறது, சில நேரம் வருவதில்லை.

பதில்: இதுவும் முகவரி காக்கப்படுவதன் விளைவே. பாக்கெட் அதே சர்வருக்குத் திரும்பி வரும்போது அனுப்புநரும் பெறுநரும் ஒரே முகவரியாகிவிடுவதால் அது கைவிடப்படுகிறது. இன்னொரு சர்வருக்குச் சென்றால் பதில் வந்துவிடுகிறது. சோதனையை டார்கெட் அல்லாத வேறொரு சர்வரிலிருந்து செய்யுங்கள்.

கேள்வி (பெங்களூரு வாசகர்): வயல்களில் வைத்திருக்கும் எங்கள் சென்சார்கள் 5 நிமிடத்திற்கு ஒருமுறை யுடிபியில் ஈரப்பத அளவை அனுப்புகின்றன. சர்வர் சில நிமிடங்கள் கழித்து அவற்றுக்குக் கட்டளை அனுப்பினால் அது சென்று சேர்வதில்லை.

பதில்: யுடிபியில் இணைப்பு என்று ஒன்று இல்லாததால், லோட் பேலன்சர் ஃப்ளோவைத் தன் நினைவில் மட்டுமே வைத்திருக்கிறது. 120 நொடி இரு பக்கமும் பாக்கெட் எதுவும் செல்லாவிட்டால் அந்த நினைவு அழிந்துவிடும். டிசிபிக்கான அந்தக் காலத்தை இப்போது மாற்றிக்கொள்ள முடிகிறது. யுடிபிக்கான 120 நொடியை மாற்ற முடியாது. அழிந்தபின் சென்சாரிலிருந்து வருவது புதிய ஃப்ளோ. அது வேறொரு சர்வருக்கும் செல்லக்கூடும். சர்வர் தானாக அனுப்பும் கட்டளைக்கோ திரும்பும் வழியே இல்லை.

சென்சாருக்கு அருகிலுள்ள ரூட்டரின் நாட் (உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் வேலை) நினைவும் பல நேரங்களில் அதைவிடக் குறுகியதாக இருக்கும். இதற்காகவே வையர்கார்டு பயனாளர்கள் 25 நொடிக்கு ஒருமுறை வெற்றுப் பாக்கெட் அனுப்பும்படி அமைக்கிறார்கள். மின்கலத்தில் ஓடும் சென்சாருக்கு அது கட்டுப்படியாகாது. உங்களுக்குப் பொருத்தமானது, கட்டளையைத் தயாராக வைத்திருந்து, சென்சார் அடுத்த அளவை அனுப்பும்போது அதற்கான பதிலோடு சேர்த்து அனுப்புவது. எந்த சர்வருக்கு வந்தாலும் பதில் சொல்லும்படி, சென்சாரின் நிலையை சர்வரின் நினைவகத்தில் வைக்காமல் பொதுவான தரவுத்தளத்தில் வையுங்கள்.

கேள்வி (சிங்கப்பூர் வாசகர்): கூகுள் கிளவுடின் பாஸ்த்ரூ லோட் பேலன்சரில் யுடிபி சேவை ஒன்றை வைத்தோம். பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் கொண்டு பார்த்தால் கேள்வி சர்வருக்கு வருகிறது, பதிலும் புறப்படுகிறது. ஆனால் கேட்டவருக்குப் பதில் கிடைப்பதில்லை. இதே மென்பொருள் ஏடபிள்யூஎஸ்-இல் ஒழுங்காக ஓடியது.

பதில்: புறப்படும் பதிலில் அனுப்புநர் முகவரி என்ன என்பதை டிசிபிடம்ப்பில் மீண்டும் ஒருமுறை பாருங்கள். ஏடபிள்யூஎஸ் பாக்கெட்டின் பெறுநர் முகவரியை சர்வரின் முகவரியாக மாற்றி அனுப்புகிறது. கூகுளின் பாஸ்த்ரூ லோட் பேலன்சர், பெயருக்கு ஏற்றபடி, எதையும் மாற்றுவதில்லை: சர்வருக்கு வரும் பாக்கெட்டில் பெறுநராக இருப்பது லோட் பேலன்சரின் முகவரியே. பதில் லோட் பேலன்சர் வழியாகத் திரும்பாமல் சர்வரிலிருந்து நேராகக் கேட்டவருக்குச் செல்கிறது. எனவே அதன் அனுப்புநராகவும் லோட் பேலன்சரின் முகவரியே இருக்க வேண்டும்.

டிசிபியில் இதைக் கெர்னல் பார்த்துக்கொள்ளும். யுடிபியில், 0.0.0.0 என்று எல்லா முகவரியிலும் கேட்கும்படி எழுதப்பட்ட மென்பொருள், பதில் அனுப்பும்போது முகவரி எதையும் குறிப்பிடாவிட்டால், கெர்னல் சர்வரின் சொந்த முகவரியை எழுதி அனுப்பிவிடுகிறது. ஒருவரிடம் கேட்ட கேள்விக்கு இன்னொருவரிடமிருந்து வந்த பதிலைக் கிளையன்ட் ஏற்பதில்லை. மென்பொருளை லோட் பேலன்சரின் முகவரியிலேயே கேட்கும்படி அமைக்கலாம். உங்களால் நிரலைத் திருத்த முடியுமானால், ஐபி_பாக்கெட்இன்ஃபோ என்ற சாக்கெட் தேர்வின் மூலம் கேள்வி எந்த முகவரிக்கு வந்தது என்பதை அறிந்து அதே முகவரியிலிருந்து பதில் அனுப்பலாம். அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளில் இன்டர்ஃபேஸ்-ஆட்டோமேட்டிக் என்ற அமைப்பு இதையே செய்கிறது. கூகுளின் ஹெல்த் செக் 35.191.0.0/16 போன்ற அதற்குரிய முகவரி வரம்புகளிலிருந்து வருவதால் அவற்றை ஃபயர்வாலில் அனுமதிக்கவும் மறக்க வேண்டாம்.

கேள்வி (திருச்சி வாசகர்): யுடிபி 53-ஐ 0.0.0.0/0 என்று உலகம் முழுவதற்கும் திறந்துவைத்தால் என்ன ஆபத்து? டிஎன்எஸ்ஸில் ரகசியம் எதுவும் இல்லையே?

பதில்: ஆபத்து உங்களுக்கு மட்டும் அன்று, பிறருக்கும்தான். கைகுலுக்கல் இல்லாததால் யுடிபி பாக்கெட்டில் அனுப்புநர் முகவரியைப் பொய்யாக எழுதலாம். ஒருவர் பாதிக்கப்பட வேண்டியவரின் முகவரியை எழுதிச் சிறிய கேள்வி ஒன்றை அனுப்பினால், உங்கள் சர்வர் பெரிய பதிலை அந்த அப்பாவிக்கு அனுப்பும். ஆயிரக்கணக்கான திறந்த சர்வர்கள் சேர்ந்தால் அது வெள்ளமாகிறது. 2018 பிப்ரவரி 28 அன்று கிட்ஹப் தளத்தின் மீது நொடிக்கு 1.35 டெராபிட் அளவில் நடந்த தாக்குதல், யுடிபி 11211-ஐத் திறந்துவைத்திருந்த மெம்கேஷ்டு என்ற தற்காலிகத் தரவுச் சேமிப்பு சர்வர்களைக் கொண்டு நடத்தப்பட்டது. அவற்றை வைத்திருந்தவர்களும் அதில் ரகசியம் எதுவும் இல்லை என்றே எண்ணியிருக்கக்கூடும்.

உங்கள் அலுவலகங்களுக்கான டிஎன்எஸ் என்றால் அவற்றின் முகவரிகளை மட்டும் அனுமதியுங்கள். உலகத்திற்கே பதில் சொல்ல வேண்டிய சர்வர் என்றால், பிறருடைய பெயர்களைத் தேடித் தரும் வேலையை அதில் அணைத்துவிட்டு, ஒரே முகவரிக்கு நொடிக்கு இத்தனை பதில்கள் என்ற வரம்பையும் வையுங்கள்.

கேள்வி (பலரும் கேட்டது): எல்லாம் அமைத்த பின் யுடிபி லிசனர் வேலை செய்கிறதா என்பதை எப்படி உறுதி செய்வது? போர்ட் திறந்திருக்கிறதா என்று சோதிக்கும் நெட்கேட் கட்டளை வெற்றி என்கிறது, சேவை நடக்கவில்லை.

பதில்: நெட்கேட்டை யுடிபிக்கு நம்ப வேண்டாம். போர்ட் மூடியிருக்கிறது என்ற ஐசிஎம்பி செய்தி திரும்பி வராவிட்டால் அது வெற்றி என்று எடுத்துக்கொள்கிறது. செக்யூரிட்டி குரூப் பாக்கெட்டைச் சத்தமின்றி விழுங்கிவிட்டாலும் அதே வெற்றிதான். அந்தந்தச் சேவையின் மொழியிலேயே கேட்டுப் பாருங்கள். டிஎன்எஸ் என்றால் டிக் கட்டளை இயல்பாக யுடிபியில் கேட்கும். பிளஸ் டிசிபி என்ற தேர்வைச் சேர்த்து மறுமுறையும் கேளுங்கள். ஒவ்வொரு ஸோனின் முகவரியையும் தனித்தனியே கேளுங்கள். ஒருமுறை வந்த பதிலோடு நிறுத்தாமல் ஐம்பது முறையாவது கேளுங்கள், ஏனெனில் பழுதான ஒரு சர்வர் சில போர்ட்டுகளுக்கு மட்டுமே வெளிப்படும்.

பதில் வராவிட்டால் ஒவ்வொரு டார்கெட்டிலும் டிசிபிடம்ப்பை ஓட விட்டு, பாக்கெட் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். டார்கெட் எதற்கும் வரவில்லை என்றால் லிசனரையும் செக்யூரிட்டி குரூப்பையும் சந்தேகியுங்கள். வந்தும் பதில் புறப்படவில்லை என்றால் மென்பொருளை. புறப்பட்டும் சேரவில்லை என்றால் நெட்வொர்க் ஏசிஎல்லையும் அனுப்புநர் முகவரியையும். லோட் பேலன்சரின் அக்சஸ் லாக்கில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்: நெட்வொர்க் லோட் பேலன்சர் அதை டிஎல்எஸ் லிசனருக்கு மட்டுமே எழுதுகிறது. யுடிபிக்கு உதவுவது விபிசி ஃப்ளோ லாக் (உங்கள் கிளவுட் நெட்வொர்க்கில் நடந்த போக்குவரத்தின் பதிவு); அதில் யுடிபியைக் குறிக்கும் புரோட்டோகால் எண் 17 என்று இருக்கும் வரிகளைப் பிரித்தெடுத்து, அனுமதிக்கப்பட்டவற்றையும் மறுக்கப்பட்டவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.